நாற்பத்து மூன்றாவது கேள்வி

ஜூன் 9, திங்கள்

டாக்டர் சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன். "கத்தறதுக்குப் பதிலா எழுதிப் பழகுங்கம்மா, பிரஷர் எறங்கும்" என்றார். கோழித்தீவனக் கம்பெனியில் இவருக்குக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு வெள்ளைக்கோழி நின்றுகொண்டு என்னையே பார்க்கிறது. பார்க்கட்டும்.

இன்று தாளாளர் கூட்டம் போட்டார். இந்த வருடம் முதல் எங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பள்ளி பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அவரவர் வகுப்பு மார்க் எடுத்தால் அது இரட்டிப்பாகத் திரும்பி வரும். எடுக்காவிட்டால் போனது போனதுதான். மாதத் தேர்விலிருந்தே கணக்கு தொடங்குகிறது. பக்கத்தில் இருந்த தமிழாசிரியைக்கு முகம் செத்துவிட்டது. எனக்கென்ன பயம்? பதினெட்டு வருடமாகக் கணக்குப் பாடத்தில் கோகிலவாணி என்ற பெயர் மேலேதான் இருக்கிறது. வீட்டுக்கடன் கட்டுகிறவளுக்கு இரட்டிப்பு என்ற சொல் இனிக்கத்தான் செய்யும்.

பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இனிமேல் இல்லை என்றாகிவிட்டது. ஆகவே எங்கள் பள்ளியில் பழைய வழக்கம் திரும்பிவிட்டது. பதினொன்றில் சேர்ந்த முதல் வாரமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் அரைத்தால் எந்தப் பிள்ளையும் நூற்றுக்கு நூறு வாங்கும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகக் கட்டுகளைப் பிரிக்காமல் அப்படியே ஸ்டோர் ரூமில் அடுக்கியாயிற்று.

எனக்குப் பதினொன்று ஏ. என் மகள் தாரணி பதினொன்று பி-யில் இருக்கிறாள். ஆசிரியரின் பிள்ளை அவரவர் வகுப்பில் இருக்கக் கூடாது என்பது விதி, வேறு ஆள் இல்லாத பன்னிரண்டுக்கு மட்டும் விலக்கு. பி-க்கு வந்திருப்பவள் யார் தெரியுமா? சிந்துஜா. என் பழைய மாணவி. பத்து வருடத்துக்கு முன் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு. அவள் முகமும் என் முகமும் பள்ளி வாசல் ஃப்ளெக்ஸில் வெயிலில் வெளுக்கும்வரை தொங்கின. இன்ஜினியரிங் போனவள் இப்போது பி.எட். முடித்துவிட்டு வந்து நிற்கிறாள். கம்ப்யூட்டர் வேலை பிடிக்கவில்லை போலிருக்கிறது. காலில் விழப்போனாள், தடுத்துவிட்டேன். பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த வருடம் இரண்டு பிரிவும் பன்னிரண்டில் என் கைக்குத்தான் வரும். இப்போது அவள் சமைத்து வைப்பதைத்தான் நான் பரிமாற வேண்டும். நான் கற்றுக்கொடுத்த சமையல்தானே, கவலையில்லை.

ஜூன் 13, வெள்ளி

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். வண்டி பின்சக்கரம் பஞ்சர்.

ஜூன் 20, வெள்ளி

தோசை ஊற்றிக்கொண்டே தாரணியிடம் பாடம் எதுவரை போயிருக்கிறது என்று கேட்டேன்.

"சார்புன்னா என்னன்னு கேட்டுட்டு இருக்கறாங்கம்மா."

"அது பதினொன்னாம் வகுப்புப் பாடமல்லோ? உங்களுக்கு முதல் பாடம் அணிகள்."

"மிஸ் ஸ்டோர் ரூமுல இருந்து பழைய புக்க எடுத்துட்டு வந்து குடுத்துட்டாங்க."

பழைய புத்தகமாம். நடப்பு வருடப் புத்தகத்தைத்தான் பிள்ளைகள் பழைய புத்தகம் என்கிறார்கள். அடுத்த தோசை கருகிவிட்டது.

ஜூன் 23, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் சிந்துஜாவைத் தனியாகப் பிடித்தேன். "ஏஞ் சிந்து, நீ படிக்கறப்ப இந்தப் புத்தகத்தத் தொட்டிருக்கறயா? தொடாமத்தான இருநூறு வாங்குன?"

"ஆமாங்க மிஸ்."

"அப்புறமென்ன?"

"கொஞ்ச நாளைக்குங்க மிஸ். அடிப்படைய மட்டும் காட்டிப்போட்டு ஓடியே புடிச்சர்றேனுங்க."

பேச்சில் பணிவு குறையவில்லை. ஆனால் புத்தகத்தை என் பக்கம் தள்ளாமல் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள். நேற்று முளைத்த காளான்.

ஜூலை 5, சனி

முதல் மாதத் தேர்வு. என் பிரிவில் ஒருவர்கூடத் தொண்ணூறுக்குக் கீழே இல்லை. மிருதுளா நூறு. எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் பத்துமுறை எழுதவைத்து, இருபது ஒரு மதிப்பெண் கேள்விகளையும் காலை மாலை ஒப்பிக்கவைத்தால் வராமல் எங்கே போகும்?

பி பிரிவைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. பாதிப் பேர் ஃபெயில். என் மகள் நாற்பத்தொன்று. கோகிலவாணி டீச்சர் மகள்! வீட்டுக்கு வந்து அழுவாள், சமாதானம் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவள் அழவே இல்லை. "அந்தப் பாடமே இன்னும் நடத்தலைம்மா" என்று சொல்லிவிட்டுக் கம்பங்கூழை ஊற்றிக் குடித்தாள். அவள் அழாததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அவ நல்லாத்தான இருக்கறா?" என்றார். இவருக்குக் கோழி நன்றாகத் தின்றால் உலகமே நன்றாக இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

தாளாளர் கூப்பிட்டார். சிந்துஜா வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்து எழுதித் தர வேண்டுமாம். "நீங்க உருவாக்குன புள்ள. நீங்க சொன்னாச் சரியா இருக்கும் டீச்சர்."

ஜூலை 10, வியாழன்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சிந்துஜா கேட்ட கேள்வி: ஒரு எண்ணைப் பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது?

கூடாது என்றால் கூடாது. ஒரு வரியில் முடிகிற விஷயம். அவள் பீரியட் முழுக்க அதையே வைத்துக்கொண்டாள். ஒருவன் விடை பூஜ்யம் என்றான், இன்னொருத்தி முடிவிலி என்றாள். இரண்டையும் போர்டில் எழுதிவிட்டு, எது சரி என்று சொல்லாமல் நின்றாள். பிறகு தாரணி எழுந்து போய்ச் சாக்பீஸை வாங்கிக்கொண்டு, விடை ஏதோ ஒரு எண் என்று வைத்துக்கொண்டு பூஜ்யத்தால் பெருக்கினால் பழைய எண் திரும்பி வரவில்லையே என்று வாதாடினாள். நடுவில் தப்பாக எழுதினாள், அழித்தாள், ஒரு பையனிடம் "இரு இரு, நாஞ் சொல்றத மொதல்ல கேளு" என்றாள்.

என் மகளுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "ம்" என்பாள், அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யாரோ என் பொருளை எடுத்துப் பயன்படுத்துவதைப் போல எரிச்சலாகவும் இருந்தது. மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

தாளாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாணவர்கள் ஆர்வமாக உள்ளனர். பாடம் நகரவில்லை. பொய் எதுவும் எழுதவில்லை.

ஜூலை 14, திங்கள்

தாளாளர் முடிவு சொல்லிவிட்டார். காலாண்டுத் தேர்வு வரை சிந்துஜாவுக்குத் தவணை. ஏ, பி இரண்டுக்கும் ஒரே கேள்வித்தாள், பன்னிரண்டாம் புத்தகத்திலிருந்து. பி பிரிவின் சராசரி ஏ-யை நெருங்கவில்லை என்றால் அவள் போக வேண்டியதுதான். பி என்னிடம் வரும், தாரணிக்காக விதியைத் தளர்த்திக்கொள்வார்களாம். நெருங்கிவிட்டால் அவள் இஷ்டப்படி நடத்திக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

சிந்துஜா தலையாட்டினாள். அவளுடைய அப்பாவுக்கு இப்போது வேலை இல்லை, வீட்டில் இவள் சம்பளம்தான். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. காலையில் விரதச் சமையல் முடித்து ஓடியதில் டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன். சிந்துஜா தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"முடிக்கலீங்க மிஸ்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளே மெதுவாகச் சொன்னாள். பெரிய கல்லூரி. முதல் நாள் கணக்கு வகுப்பில் பேராசிரியர் போர்டில் ஒன்றை எழுதி, "இதெல்லாம் லெவன்த்துலயே படிச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாராம். மற்றவர்கள் தலையாட்டினார்களாம். இவளும் ஆட்டினாளாம்.

"இருநூறு வாங்குனவ, எனக்குத் தெரியாதுன்னு எப்பிடிங்க மிஸ் கைதூக்கறது? மனப்பாடம் பண்ணிப் பாத்தேன். அங்க புக்குல இருக்கற கணக்கே வர்றதில்லீங்க. மொத செமஸ்டர்ல கணக்குல அரியர். ரெண்டாவதுலயும் அரியர். ஊருக்குள்ள எங்கப்பா டீக்கடையில உக்காந்து எம் புள்ள இன்ஜினியர்ன்னு சொல்லிட்டு இருந்தாரு. நாலு வருசமும் வீட்டுல சொல்லவே இல்லீங்க."

அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பக்கத்து ஊர்க் கலைக்கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கில் முதலிலிருந்து சேர்ந்திருக்கிறாள். தன்னைவிட நான்கு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தானே படித்திருக்கிறாள்.

பாவமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் படித்து அதே வருடம் சென்டம் வாங்கியவர்கள் வேறு பலரும் உண்டு. அவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருப்பார்கள். யாரும் வந்து குறை சொன்னதில்லை.

வந்ததே இல்லை என்பதும் உண்மைதான். ரசம் நன்றாக வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டாவது மாதத் தேர்வு. ஏ பழையபடி. பி கொஞ்சம் ஏறியிருக்கிறது. தாரணி ஐம்பத்தாறு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். வாசலில் புது ஃப்ளெக்ஸ். மிருதுளாவும் நானும். போட்டோவில் என் கழுத்து இரட்டையாகத் தெரிகிறது. பி பிரிவுப் பெற்றோர் இரண்டு பேர் தாளாளர் அறை வாசலில் நின்றிருந்தார்கள். பிரிவை மாற்றிக் கேட்க வந்தார்களாம்.

மாலையில் தாரணியிடம், "உன்னையும் ஏ-க்கு மாத்தச் சொல்லிக் கேக்கட்டுமா? விதியத் தளத்திக்குவாங்க" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்மா."

அவ்வளவுதான் பதில். கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

சிந்துஜா காய்ச்சலோடு வகுப்புக்கு வருகிறாள். லீவு போட்டால் பாடம் நின்றுவிடுமாம். ஏ-யில் மூன்று பாடம் முடித்து நான்கு முறை திருப்பிப் பார்த்தாயிற்று. பி-யில் ஒரே ஒரு பாடம்தான் முடிந்திருக்கிறது. நேரில் பார்த்தால் அவள் கண்ணைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நானா அவளை மெதுவாக நடத்தச் சொன்னேன்?

செப்டம்பர் 18, வியாழன்

காலாண்டுக் கணக்குத் தேர்வு. கேள்வித்தாள் வெளியே அச்சடித்து வாங்கியது, விடைக்குறிப்பும் கூடவே வந்துவிடும். எல்லாம் புத்தகக் கேள்விகள். நாற்பத்து மூன்றாவது கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் பிள்ளைகள் கண்ணைக் கட்டினாலும் எழுதுவார்கள். மூன்று சமன்பாடு, கிராமர் விதி, நான்கு அணிக்கோவை. மைனஸ் நான்கு, மைனஸ் நான்கு, மைனஸ் எட்டு, மைனஸ் பன்னிரண்டு. விடை ஒன்று, இரண்டு, மூன்று. ஏ பிரிவில் இதைப் பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள்.

தாரணி வீட்டுக்கு வந்து, "நல்லா எழுதிருக்கேன்" என்றாள். முதல்முறையாகச் சொல்கிறாள். பாயசம் வைத்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

திருத்தும் பணி. அவரவர் பிரிவை அவரவர் திருத்தினால் மார்க்கை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள் என்று தாள்களை மாற்றிவிட்டார்கள். ஏ சிந்துஜாவுக்கு, பி எனக்கு.

பி பிரிவுத் தாள்கள் என் பிரிவுத் தாள்கள் மாதிரி இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். படித்துப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டியிருக்கிறது, கண் வலிக்கிறது. என்றாலும் உள்ளதைச் சொல்கிறேன், நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது. நடத்தாத பாடத்தில்கூட முட்டி மோதிப் பாதி தூரம் வந்திருக்கிறார்கள்.

நாற்பத்து மூன்றில்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் "தீர்வு இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாரணியும்தான். சுளையாக ஐந்து மார்க், கையில் கொடுத்த பழம். சிவப்புப் பேனாவால் பெரிய பூஜ்யமாகப் போட்டேன். என் மகள் தாளில் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருப்பேன். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

செப்டம்பர் 23, செவ்வாய்

சிந்துஜா ஏ பிரிவுத் தாள்களோடு வந்து என் மேஜை ஓரத்தில் நின்றாள்.

"மிஸ், நாப்பத்து மூணுல ஒரு தப்பு இருக்குங்க. கேள்வியிலயே."

"கேள்வி தப்புன்னா ஏ பிரிவு முழுக்க எப்பிடி சரியாப் போட்டிருக்குது?"

"அதத்தானுங்க மிஸ் நானும் யோசிக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விடைக்குறிப்புல என்ன இருக்குதோ அதப் போடு சிந்து. சராசரிக்குப் பயந்துட்டுக் கேள்வி மேல பழி போடாத" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். பிறகு உட்கார்ந்து, விடைக்குறிப்புப்படி ஏ பிரிவு முழுவதற்கும் ஐந்து ஐந்தாகப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

கத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். எழுதியும் பார்த்துவிட்டேன், பிரஷர் இறங்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

தாள்களைக் கொடுத்தாயிற்று. சராசரியையும் சொல்லிவிட்டார்கள். பி எட்டவில்லை. விடுமுறை முடிந்ததும் சிந்துஜா வர வேண்டியதில்லை, பி-யும் எனக்கே. அவள் தாளாளர் அறையிலிருந்து வெளியே வந்தபோது நான் தண்ணீர் பிடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மாலையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். தாரணி கேள்வித்தாளையும் விடைத்தாளையும் கொண்டுவந்து கிரைண்டர் பக்கத்தில் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"நாப்பத்து மூணு ஏன் தப்பு?"

"விடை ஒன்னு, ரெண்டு, மூணு. தீர்வு இல்லைன்னு எழுதி வெச்சா?"

"கேள்வியப் படிச்சியாம்மா?"

"எத்தன வருசமா நடத்தறேன், எனக்குத் தெரியாதா?"

"அதில்ல. இந்தக் கேள்வியப் படிச்சியா?"

கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தேன். எழுதியே வைத்துவிடுகிறேன்.

x + y + z = 6
x + 2y + z = 8
2x + 3y + 2z = 2

புத்தகத்தில் மூன்றாவது வரியில் இரண்டு z-க்கு முன்னால் கழித்தல் குறி. இங்கே அச்சடித்தவன் கூட்டல் போட்டுவிட்டான். மேல் இரண்டு வரிகளையும் கூட்டினால் கீழ்வரியின் இடப்பக்கம் அப்படியே வருகிறது. வலப்பக்கம் பதினான்கு வர வேண்டும். தாளில் இரண்டு என்று இருக்கிறது. பதினான்கும் இரண்டும் ஒன்றா? தீர்வு இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கும்.

ஏ பிரிவு முழுவதும், மிருதுளா உட்பட, வராத மைனஸ் நான்கை வரவைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கிறது. தாளில் இல்லாத ஒரு கேள்விக்கு. ஒரு பிள்ளைகூட விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை.

நானும் பார்க்கவில்லை. தாரணியின் தாளில் என் பூஜ்யத்துக்கு மேலே அவளுடைய இரண்டே வரி இருக்கிறது, மணி மணியான எழுத்து. நான் அதைப் படிக்காமலே சுழித்திருக்கிறேன். இந்தத் தாளில் மட்டுமல்ல, முக்கால்வாசிப் பேர் தாளிலும்.

"மிஸ் உங்கிட்ட சொன்னாங்களாமே?" என்றாள்.

மாவு ஓடிக்கொண்டே இருந்து சூடாகிவிட்டது. நாளைக்கு இட்லி கல்லாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 27, சனி

ராத்திரி தூக்கம் இல்லை. ஒரே ஒரு கேள்விதானே என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்தவளுக்கு யார் என்ன சமாதானம் சொல்வது?

விடுமுறை தொடங்கிவிட்டாலும் தாளாளர் பள்ளியில்தான் இருந்தார். கேள்வித்தாளை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பிடீங்களா? அச்சுப் பிழைக்கு யாரு என்னங்க பண்றது? எல்லாருக்கும் அஞ்சஞ்சு போட்டுருங்க டீச்சர். யாருக்கும் நட்டமில்ல."

"ஏ பிரிவுக்குப் போடக் கூடாதுங்க சார். அவங்க எழுதுனது தப்பு. சிந்துஜா என்ர பேச்சக் கேட்டுத்தான் அஞ்சு போட்டா. பி-யில தீர்வு இல்லைன்னு எழுதுனவங்கதான் சரி."

"உங்க பிரிவு எறங்குனா உங்க பிடித்தமும் போயிரும். தெரியுமில்லீங்க?"

"தெரியுமுங்க."

"யான தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கறாப்புல இருக்குது. செரி, உங்க இஷ்டம்."

திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஏ-க்குப் பூஜ்யம், பி-க்கு ஐந்து. அப்படிப் போட்டும் பி நெருங்கவில்லை. மூன்று பாடத்திலிருந்து வந்த தாளில் ஒரு பாடம் மட்டும் படித்தவர்கள் எப்படி நெருங்குவார்கள்? சிந்துஜாவை வைத்துக்கொள்ளுங்கள், நான் பொறுப்பு என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "பெத்தவங்க வந்து, பக்கத்து ரூமுல மூணு பாடம், எம் புள்ளைக்கு மட்டும் ஒன்னான்னு கேக்கறாங்க. நான் என்னங்க சொல்லட்டும்? அதுவுமில்லாம, பாடம் நகரலைன்னு ஜூலையில எழுதிக் குடுத்ததே நீங்கதானுங்களே."

வெளியே வந்து வண்டியைக் கிளப்பி நேரே வீட்டுக்கு வந்தேன். அவமானமாக இருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இவர் பைக்கைக் கழுவித் திருநீறு பூசினார். தாரணி பூஜையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பொட்டு வைத்தேன். சுண்டலுக்கு உப்புப் போதவில்லை என்றார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

சிந்துஜா சாவியையும் வருகைப் பதிவையும் ஒப்படைக்க வந்தாள். வேறு வேலை பார்த்திருக்கிறாளா என்று கேட்டேன். இன்னும் இல்லை, வீட்டில் டியூஷன் எடுக்கப் போகிறாளாம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்துக்கு டியூஷன் யார் வருவார்கள்? கேட்கவில்லை.

"அன்னைக்கு நீ சொன்னப்ப நான் கேள்வியவே படிக்கல சிந்து."

"தெரியுமுங்க மிஸ்."

"எம் மேல கோவமா?"

யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இல்லீங்க மிஸ். நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. அதனாலதான் அது போகவே மாட்டேங்குது. இன்னமும் ஒரு கணக்கப் பாத்தா நான் படிக்கறதுக்கு முன்னாலயே கை எழுத ஆரம்பிச்சுருதுங்க. வலது கைய எடது கையில புடிச்சுட்டுத்தான் கேள்விய வாசிக்கறேன். பி-யில அந்தப் பழக்கம் யாருக்கும் வந்தறக் கூடாதுன்னுதான் பாத்தேன்."

அவள் போன பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு பதினொன்று பி-க்குப் போனேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று பதினொன்று ஏ-க்குப் போனதும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத் தாளில் இருந்தபடியே, கூட்டல் குறியோடு, போர்டில் பெரிதாக எழுதினேன். செய்யுங்கள் என்றேன்.

எல்லாத் தலையும் குனிந்தது. பேனாச் சத்தம் மட்டும்தான். நடுவே நடந்து பார்த்தேன். மைனஸ் நான்கு, மைனஸ் நான்கு, மைனஸ் எட்டு, மைனஸ் பன்னிரண்டு. ஒருவர்கூட நிமிர்ந்து போர்டைப் பார்க்கவில்லை. இதே கேள்விக்குத்தான் பூஜ்யம் வந்தது என்று தெரிந்தும் அதையேதான் எழுதினார்கள். எவ்வளவு அழகான வரிசை, எவ்வளவு சுத்தமான கோடு! பதினெட்டு வருடமாக நான் பெருமைப்பட்டது இதைத்தான். எனக்குப் பயமாக இருந்தது.

"முடிச்சாச்சா? இப்ப அந்த விடைய மூணாவது சமன்பாட்டுல போட்டுச் சரிபாருங்க. ரெண்டு வருதா?"

யாரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சிலிருந்து மிருதுளா எழுந்தாள். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்த பிள்ளை.

"மிஸ், சரிபாக்கறதுக்கு எத்தன மார்க்குங்க?"

கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எத்தனை என்று சொல்லிவிட்டால் உடனே செய்துவிடுவாள்.

"மார்க் கெடையாது கண்ணு."

"சரிங்க மிஸ்" என்று உட்கார்ந்து பேனாவை மூடி வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் மூடி வைத்தார்கள்.